விண்வெளியிலும் குலத்தொழில்

எதிர்காலத்தைக் கற்பனை செய்வோர் யந்திரங்களைத் தாராளமாக மாற்றிவிடுகின்றனர். மனித உறவுகளை மாற்றுவதிலேதான் கஞ்சத்தனம் காட்டுகின்றனர். ஒளியை விஞ்சும் வேகத்திற் கப்பல் பறக்கும். ஆனால் அக்கப்பலின் கீழ்த்தளத்தில் எண்ணெய்க் கறையோடு நிற்பவன் யார், மேல்தளத்தில் நின்று ஆணையிடுபவன் யார், இருவரும் அவ்வவ்விடத்திற்கு எவ்வாறு வந்து சேர்ந்தனர் என்று கேட்டால் கதை மௌனமாகிவிடும். அமெரிக்கத் தொலைக்காட்சியின் விஞ்ஞானப் புனைகதைத் தொடர்களுள் இவ்வினாவை ஒருதடவையேனும் நேர்மையாகக் கேட்டது ‘பட்டில்ஸ்டார் கலக்டிகா’. 2003இல் குறுந்தொடராக ஆரம்பித்து, 2004 முதல் 2009 வரை ஒளிபரப்பான தொடர் அது. அது கேட்ட வினாவும், அதற்குத் தானே அளித்துக்கொண்ட விடையும், யாழ்ப்பாணத்து வாசகருக்கு அந்நியமானவை அல்ல.

இத்தொடரின் தனித்தன்மையை உணர்வதற்கு அதன் முன்னோடியைச் சற்று நோக்கவேண்டும். 1966 செப்டெம்பரில் ‘ஸ்டார் ட்ரெக்’ ஒளிபரப்பாகத் தொடங்கியது. (அடுத்த மாதம், ஒக்டோபர் 21இல், தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் சுன்னாகத்திலிருந்து யாழ் நகரை நோக்கிப் புறப்பட்டதும், பொலிசார் அதனைத் தாக்கியதும் நம் வரலாறு.) அத்தொடரின் கப்பலில் 430 பேர் இருந்தனர். ஆபிரிக்க வம்சாவளிப் பெண்ணொருத்தியும் ஆசிய வம்சாவளியினர் ஒருவரும் லெப்டினன்ட் தரத்தில், கப்டனுக்கு அருகே கடமை புரிந்தனர். அன்றைய அமெரிக்காவில் இது சிறு காரியமன்று. ஆயினும் நிறவேற்றுமையைக் கடந்துவிட்டதாகக் காட்டிய அத்தொடர் பதவிவேற்றுமையை இயற்கை நியதிபோலவே ஏற்றுக்கொண்டது. வாய்திறந்து பேசுவோர் ஏறத்தாழ எல்லோரும் அதிகாரிகள். பெயரறியாச் செஞ்சட்டைக்காரன் ஒருவன் புதிய கிரகத்தில் முதலிற் சாவதற்கென்றே இறங்குவான். இரசிகர்களே இதைக் கேலி செய்வதுண்டு. அதன் வழித்தொடர் ஒன்றில், 1996இல், ஒரு வேலைநிறுத்தமும் காட்டப்பட்டது. கம்யூனிஸ்ட் அறிக்கையின் வாசகமே அதில் ஒலித்தது. ஆனால் அவ்வேலைநிறுத்தம் நடந்தது படைக்குள் அன்று, பேராசை பிடித்த வேற்றினத்தான் ஒருவனின் மதுச்சாலையில். சுரண்டல் அந்நியரின் குணம். நமது கப்பலிலோ கடமை மட்டுமே உண்டு என்பது அதன் உட்கிடை.

அவ்வழித்தொடர்களில் எழுத்தாளராகப் பணியாற்றிய றொனால்ட் மூர்தான் பின்னர் ‘கலக்டிகா’வைப் புதிதாக வடித்தவர். பழைய பட்டறையின் குறைகளை உள்ளிருந்து கண்டவர் அவர். கதை இதுதான்: மனிதர் படைத்த யந்திரங்களாகிய சைலன்கள் திரும்பி வந்து பன்னிரண்டு குடியேற்ற உலகங்களையும் ஒரே நாளில் அழித்துவிடுகின்றன. எஞ்சியோர் ஏறக்குறைய ஐம்பதினாயிரம் பேர். பலவகைக் கப்பல்களில் ஏறி, பழைய போர்க்கப்பல் ஒன்றின் காவலில், உறைவிடம் தேடி அலைகின்றனர். அமைச்சரவையில் நாற்பத்து மூன்றாவது இடத்திலிருந்த கல்வி அமைச்சர் லோறா றொஸ்லின், தமக்கு மேலிருந்த அனைவரும் மாண்டமையால் ஜனாதிபதியாகிறார். ஒரு காலத்திற் பாடசாலை ஆசிரியையாக இருந்தவர் அவர். போர்க்கப்பலின் தலைவன் வில்லியம் அடாமா. ஒருவரிடம் சட்டம், மற்றவரிடம் பீரங்கி. முதற் பருவத்தின் முடிவிலேயே பீரங்கி சட்டத்தைச் சிறையில் அடைக்கின்றது. இவ்விரு அதிகாரங்களின் இழுபறியைப் பற்றி விமரிசகர்கள் ஏராளமாக எழுதிவிட்டார்கள். என் அக்கறை அதற்குக் கீழே உள்ளது.

போர்க்கப்பலில் இரண்டு மனிதவகைகள் உள்ளன. ஒன்று, ஆணை பெற்ற அதிகாரிகளும் விமானிகளும். மற்றது, விமானங்களைப் பழுதுபார்க்கும் தளத்தொழிலாளர். விமானி போரிடுகிறான், புகழ்பெறுகிறான், அதிகாரிகளின் கூடத்தில் மது அருந்துகிறான். தளத்தொழிலாளி இரவெல்லாம் திருகாணி முடுக்குகிறான். தளத்தலைவன் கேலன் டைரல், லெப்டினன்ட் தரத்துப் பெண்ணொருத்தியைக் காதலிப்பது படைவிதிப்படி குற்றம். அதனை மறைக்கப் பொய்யுரைத்த இளந்தொழிலாளி ஒருவன் சிறைக்குச் செல்ல, டைரலோ வேலைக்குத் திரும்புகிறான். ‘நீ இல்லாமற் கப்பல் ஓடாது’ என்பதே அவனுக்குக் கிடைத்த மன்னிப்பின் பொருள். உழைப்பின் இன்றியமையாமை ஒருவனைக் காப்பாற்றலாம். ஆனால் அவனை உயர்த்தாது.

மூன்றாம் பருவத்தில், 2007இல் வந்த ஒரு பாகம் இந்த ஏணியைத் திருப்பிப் பிடித்துப் பார்க்கின்றது. அதன் பெயரைக் ‘கறைபடிந்த கைகள்’ என்று தமிழாக்கலாம். (கட்சி ஆணைக்குக் கீழ்ப்படிதலைப் பற்றிய சார்த்தரின் 1948ஆம் ஆண்டு நாடகத்திற்கும் இதே பெயர்.) எரிபொருள் கெட்டு விமானமொன்று விபத்துக்குள்ளாகின்றது. காரணத்தைத் தேடிச் சுத்திகரிப்புக் கப்பலுக்குச் செல்லும் டைரல், உலகம் அழிந்த நாள் முதல் அங்கு அதே மனிதர்கள் ஓய்வின்றி வேலை செய்வதைக் காண்கிறான். அவர்களுக்கு மாற்றாள் இல்லை; விடுமுறை இல்லை. அவர்களது பிள்ளைகளும் யந்திரங்களின் நடுவே நின்று பெற்றோரின் தொழிலைப் பழகுகின்றனர். அக்கப்பலின் பொறுப்பாளர், சிறையிலிருக்கும் முன்னாள் ஜனாதிபதி பல்டாரின் நூலிலிருந்து ஒரு கருத்தை உச்சரித்த குற்றத்திற்காகக் கைதாகிறார். கல்வி அமைச்சராயிருந்தவர் ஒரு நூலுக்காக மனிதனைச் சிறையிடுகிறார்! ஆசிரியர்களாகிய நாம் இக்காட்சியைச் சற்று நின்று பார்ப்பது நன்று.

அந்நூல் கூறுவது என்ன? கப்றிக்கா போன்ற செல்வ உலகங்களில் பிறந்தோர் கட்டளையிடுகின்றனர். ஏரிலோன், சஜிற்றரோன் போன்ற வறிய உலகங்களில் பிறந்தோர் உடலால் உழைக்கின்றனர். உலகங்களே அழிந்த பின்னரும் இந்த ஏற்பாடு மட்டும் அழியவில்லை என்பதுதான். பல்டார் ஏரிலோனின் பண்ணையொன்றிற் பிறந்தவன். தன் உச்சரிப்பையே மாற்றி, கப்றிக்காவினனாக நடித்து முன்னேறியவன். அவன் அயோக்கியன், கோழை; அதில் ஐயமில்லை. எனினும் உண்மையை அவன் வாயில் வைத்தது கதாசிரியர்களின் தந்திரம் என்றே எனக்குப் படுகின்றது. கேட்க விரும்பாதவனுக்கு, ‘சொன்னவன் துரோகி’ என்று காதைப் பொத்திக்கொள்ளும் வசதி அதில் இருக்கின்றது.

பற்றாக்குறையைப் போக்க அரசு ஒரு பட்டியல் தயாரிக்கின்றது. முன்னர் இத்தகைய வேலை செய்த அனுபவம் உள்ளவர்களை அழைப்பது என்பது விதி. விதி நடுநிலையானது போலத் தோன்றும். சிறிது காலம் பண்ணையிற் கூலிவேலை செய்த ஓர் இளைஞன் அதன்படி சுத்திகரிப்புக் கப்பலுக்கு இழுத்துவரப்படுகிறான். மண்வெட்டி பிடித்த கைக்கு யந்திரமும் பொருந்தும் என்பதே அரசின் தருக்கம். பழகாத அவனது கை யந்திரத்திற் சிக்கி நசிகின்றது. டைரல் யந்திரத்தை நிறுத்துகிறான், வேலைநிறுத்தம் தொடங்குகின்றது.

இவ்விடத்திற் படத்தை நிறுத்திவிட்டு நமது ஊரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்துக் குடிமை முறையும் அனுபவத்தின் பெயரால் நின்ற ஒரு தொழிற்பங்கீடே. சவரம் செய்தவன் மகன் சவரம் செய்வான், துணி வெளுத்தவள் மகள் துணி வெளுப்பாள், கள்ளிறக்கியவன் மகன் பனையேறுவான். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, காணிக்கும் சீதனத்திற்கும் விதி கூறிய அதே ஏட்டில் அடிமைகளுக்கும் விதி கூறிற்று. 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது, தொழில் ஒழியவில்லை. பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக இருக்கலாம் என்ற சமாசன ஏற்பாடு 1930ஐ ஒட்டி வந்தபோது பாடசாலைகளே கொளுத்தப்பட்டன. ஏன்? தரையிலிருந்த பிள்ளை வாங்கில் ஏறினால், நாளை வயலில் இறங்குவது யார் என்ற அச்சந்தான். தளத்தொழிலாளி விமானியாகிவிட்டால் திருகாணி முடுக்குவது யார் என்று அடாமாவின் கப்பல் அஞ்சுவதும் இதுவே.

பேரழிவு மனிதரைச் சமமாக்கிவிடும் என்றொரு நம்பிக்கை உண்டு. 1995 ஒக்டோபர் 30இல், புலிகளின் அறிவித்தலை அடுத்து, வலிகாமத்தின் இலட்சக்கணக்கான மக்கள் மழையில் நனைந்தபடி நாவற்குழியைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தபோது பலர் அவ்வாறு எண்ணியிருக்கக்கூடும். ஆனால் 1990 முதல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோரின் கதை வேறொன்றைச் சொல்கின்றது. உறவினர் வீடு உடையோர், வேறிடத்திற் காணி உடையோர், வெளிநாட்டுப் பணம் உடையோர் முகாம்களை விட்டு வெளியேறினர். மல்லாகம் கோணப்புலத்திலும், சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாமிலும் கால் நூற்றாண்டு கழித்தோருட் பெரும்பாலோர் காணியற்ற, ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். எல்லோரும் ஒரே நாளில் அகதியாகலாம். எல்லோரும் ஒரே நாளில் அகதிநிலையிலிருந்து மீள்வதில்லை. சுத்திகரிப்புக் கப்பலில் அகப்பட்டுக்கொண்டவர்களின் நிலை இதுவன்றி வேறென்ன?

இனி, வேலைநிறுத்தத்திற்கு அதிகாரம் அளித்த மறுமொழியைப் பார்ப்போம். அடாமா டைரலைக் கைதுசெய்கிறான். வேலைநிறுத்தத்தைக் கைவிடாவிடில், அவன் மனைவி காலியைக் கலகக்காரி என்று சுவரோடு நிறுத்திச் சுடப்போவதாகவும், அவளுக்குப் பின் மற்றவர்களையும் சுடப்போவதாகவும் கூறுகிறான். அவன் கொடியவனாகச் சித்திரிக்கப்படவில்லை. தந்தையைப் போன்றவனாகவே தொடர் முழுவதும் காட்டப்படுகிறான். அதுதான் இக்காட்சியின் பலம். படைத்தர நியாயத்தின் உள்ளியல்பு இங்கே வெளிப்பட்டுவிடுகின்றது. அந்நியாயத்தின் அகராதியில் ‘வேலைநிறுத்தம்’ என்ற சொல்லே கிடையாது. ‘கலகம்’ என்ற சொல் மட்டுமே உண்டு. கீழிருந்து வரும் கோரிக்கை எதுவாயினும், அது ஒழுங்குப் பிரச்சினையாக மொழிபெயர்க்கப்பட்டே மேலே சென்று சேரும்.

இதற்குப் படைச்சீருடை தேவையில்லை என்பதையும் நாம் அறிவோம். 1980 ஜூலையில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 40,000 தொழிலாளரை ஜே. ஆர். ஜயவர்த்தனவின் அரசு ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்தது. அத்தியாவசிய சேவை என்ற சொல்லே அதன் ஆயுதம். ‘நீ அத்தியாவசியமானவன், ஆகவே உனக்கு உரிமையில்லை’ என்ற விசித்திரமான தருக்கம் அது. 1953 ஆகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தாலின்போது நடந்தது இன்னும் விசித்திரம். அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதத்திற்கு ஏற, மக்கள் வீதிக்கு வந்தனர். அமைச்சரவையோ கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலாகிய ‘நியூபவுண்ட்லாண்ட்’டில் ஏறிக் கூடியது. போர்க்கப்பலின் நிழலில் அரசு நடத்தும் கற்பனைக்கு ஹொலிவூட்டுக்குப் போகவேண்டியதில்லை.

மனைவியின் உயிருக்கு அஞ்சி டைரல் பணிகிறான். பணிந்த பின்னரே அடாமா அவனை ஜனாதிபதியிடம் அனுப்புகிறான். றொஸ்லின் இன்முகத்தோடு வரவேற்று, வேலைச் சுழற்சிக்கும் பயிற்சிக்கும் இணங்கி, தொழிற்சங்கத்தை மீள அமைக்கவும் சம்மதிக்கிறார். பல பார்வையாளர் இம்முடிவில் நிறைவு கண்டனர். எனக்கு அந்நிறைவு கிட்டவில்லை. போராட்டத்தால் பெற்றிருக்கவேண்டியதைப் பணிவுக்குப் பரிசாகக் கொடுத்துவிடுகின்றது கதை. சங்கம் தொழிலாளரின் கருவியாகப் பிறக்கவில்லை. ஆட்சியாளரின் நல்லெண்ணமாகப் பிறக்கின்றது. முந்திய பருவத்தின் இறுதியில், புதிய குடியேற்றத்தில் இதே டைரல் தொழிலாளர் நடுவே ஆற்றிய உரை, 1964இல் பேர்க்லி மாணவர் தலைவர் மாரியோ சவியோ ஆற்றிய புகழ்பெற்ற உரையைத் தழுவியது. யந்திரத்தின் சக்கரங்களில் உடலைப் போட்டாவது அதை நிறுத்தவேண்டும் என்ற கருத்தைப் பேசியவன், இப்போது முப்பது நிமிடப் பேட்டியோடு திரும்பிவருகிறான். உண்மையைக் கண்டவுடன் கதாசிரியர்களுக்கே கைநடுக்கம் எடுத்துவிட்டது போலும்.

தமிழில் இவ்வகைக் கற்பனைக்கு நெருங்கி வந்தது சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. எண்பதுகளில் ஆனந்த விகடனில் வெளிவந்து, பின்னர் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. அதில் நாட்டையே ஆட்டிப்படைக்கும் ஜீவா ஒரு மனிதனே அல்லன், வெறும் ஒளிப்பிம்பம். ஏணியின் உச்சியில் ஆளில்லை என்று கண்டது சுஜாதாவின் கூர்மை. ஆனால் அவரது கண் உச்சியிலேயே நின்றுவிட்டது. ஏணியின் அடியைத் தோளிற் சுமப்பவன் அவர் கதையில் இல்லை.

‘கலக்டிகா’வோ, தான் மனிதரிடையே சொல்லத் தயங்கியதை யந்திரங்களிடையே சொல்லிவிட்டது. சைலன்களுள் மனித வடிவினர் வாக்களித்து முடிவெடுப்பவர்கள். தங்களை ஜனநாயகவாதிகளாகக் கருதுபவர்கள். அவர்களுக்காகப் போரிட்டுச் சுமை தூக்கும் உலோகச் சிப்பாய்களின் மூளையிலோ, சிந்தனையைத் தடுக்கும் கருவியொன்று பொருத்தப்பட்டுள்ளது. அடிமைத்தனத்தை எதிர்த்து எழுந்தவர்கள் தங்களுக்கென ஓர் அடிமை வகுப்பைத் தயாரித்து வைத்திருக்கின்றனர். 2008இல் வந்த பாகமொன்றில், தங்களுக்குள் மூண்ட பிளவில், ஒரு பகுதியினர் அத்தடையை அகற்றிவிடுகின்றனர். சிந்திக்கத் தொடங்கிய சிப்பாய்கள் எவரிடமும் பேட்டி கேட்கவில்லை. தம்மைப் பூட்டி வைத்திருக்க வாக்களித்தவர்களைச் சுட்டு வீழ்த்துகின்றனர். வன்முறையைப் போற்றுவதற்காக இதைக் குறிப்பிடவில்லை. மனிதத் தொழிலாளிக்கு மறுத்த முடிவை யந்திரத்திற்குத் தாராளமாக வழங்கிய கதையின் மனநிலையே என் கவனத்திற்குரியது.

தளத்தொழிலாளியாகிய சீலிக்ஸ் என்ற பெண், திறமையிருந்தும் விமானிப் பயிற்சிக்கு மறுக்கப்பட்டவள். ‘கறைபடிந்த கைகள்’ பாகத்தின் முடிவில் அவளுக்கு விமானியின் சின்னம் சூட்டப்படுகின்றது; எல்லோரும் கைதட்டுகின்றனர். அவள் விட்டுச்சென்ற இடத்தில் இனி யார் நிற்பார் என்பதைக் கதை கேட்கவில்லை. டைரலின் நிலை வேறு. மூன்றாம் பருவத்தின் முடிவில் அவனே ஒரு சைலன் என்று தெரியவருகின்றது. அடுத்த பருவத்தில், மனைவியை இழந்த துயரத்தில் அடாமாவின் எதிரே நின்று ஆத்திரத்தோடு பேசியமைக்காக, கடைநிலைத் தொழிலாளியாகத் தரமிறக்கப்படுகிறான். சின்னம் பெற்ற சீலிக்ஸ் 2009இல் வந்த பாகங்களில், அடாமாவுக்கு எதிரான கலகத்தில் ஆயுதமேந்தியவர்களின் பக்கத்தில் நிற்கிறாள்.