பங்காளியும் வாரிசும்: சித்தூர், திருப்பதிப் பகுதி நில ஆவணங்களின் தமிழாக்கம் பற்றிய ஒரு திறனாய்வு

1. முன்னுரை

இரு மொழிகள் அடுத்தடுத்து வழங்கும் நிலப்பகுதியில் மொழிபெயர்ப்பு எளிதாக அமையும் என்பது பொதுவான எண்ணம். தெலுங்கும் தமிழும் நெருங்கிய உறவுடைய மொழிகள். சித்தூர், திருப்பதிப் பகுதிகளின் நில ஆவணங்களில் இவ்வுறவு மேலும் நெருக்கமாகத் தோன்றும். பட்டா, அடங்கல், கிரயம், பாகம், வாரிசு, சுவாதீனம் என வடமொழியிலிருந்தும் அரபு, பாரசீக மொழிகளிலிருந்தும் வந்த சொற்களும் உள்ளூர்ச் சொற்களும் இரு மொழி ஆவணங்களிலும் கலந்து வழங்குகின்றன. எனினும் குடும்பச் சொத்துப் பற்றிய ஆவணங்களில் பிழை மிகுதியும் நேர்வது இந்த ஒத்த சொற்களிலேயே ஆகும். அறியாத சொல்லை மொழிபெயர்ப்பாளர் அகராதியில் தேடுவார். அறிந்ததாகத் தோன்றும் சொல்லைத் தேடமாட்டார். இவ்வாறு தேடாமல் விடப்படும் சொற்களால் பங்குரிமை, குறிப்பாகப் பெண் மக்களின் உரிமை, எவ்வாறு உருமாறுகிறது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நிலப்பகுதியும் ஆவண மொழியும்

சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள், வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பட்டது. 1953ஆம் ஆண்டு அக்டோபர் 1 வரை அது சென்னை மாகாணத்தில் (பின்னர் சென்னை மாநிலத்தில்) இருந்தது. பட்டாஸ்கர் பரிந்துரையின் வழி இயற்றப்பட்ட 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டம் 1960 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி திருத்தணி தமிழகத்தைச் சேர்ந்தது. செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்த சத்தியவேடு சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாயிற்று. சத்தியவேடு அதனுள் அடங்கியது. ஆகவே சத்தியவேட்டைச் சேர்ந்த ஒரே நிலம் பாட்டனின் பத்திரத்தில் செங்கற்பட்டு மாவட்டமாகவும், தந்தையின் பத்திரத்தில் சித்தூர் மாவட்டமாகவும், பேரன் பேத்தியரின் பத்திரத்தில் திருப்பதி மாவட்டமாகவும் குறிக்கப்படும். முதற் பத்திரம் தமிழிலும் பின்னவை தெலுங்கிலும் இருப்பது இயல்பு.

இந்நிலையில் மொழிபெயர்ப்பு என்பது விருப்பத்தின் பாற்பட்டதன்று, சட்டத்தின் தேவையாகும். பதிவுக்கு வரும் ஆவணம் பதிவு அலுவலருக்குப் புரியாததும் அம்மாவட்டத்தில் பொதுவாக வழங்காததுமான மொழியில் இருப்பின், மாவட்டத்தில் வழங்கும் மொழியில் உண்மையான மொழிபெயர்ப்பும் உண்மை நகலும் உடன் இருந்தாலன்றி அதனைப் பதிவு செய்ய மறுக்க வேண்டும் என 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு கூறுகிறது. இதற்கு அப்பாலும் ஒரு தேவை உண்டு. சென்னையில் குடியேறிய குடும்பங்களின் இளைய தலைமுறையினரும், குவைத்து முதலிய வளைகுடா நாடுகளுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றவர்களும் சொந்த ஊரின் பத்திரத்தைப் படிக்க இயலாதவர்களாக இருத்தல் கூடும். அவர்கள் அதிகாரப் பத்திரத்திலோ விடுதலைப் பத்திரத்திலோ கையொப்பமிடுவது தமிழாக்கத்தை நம்பியே. வழக்கு எழுந்தால் நீதிமன்றம் மூல ஆவணத்தை நோக்கும். ஆனால் உரிமையை விட்டுக்கொடுக்கும் முடிவு அதற்கு நெடுங்காலம் முன்னரே மொழிபெயர்ப்பைக் கொண்டு எடுக்கப்பட்டுவிடுகிறது.

3. ஒலி ஒத்துப் பொருள் வேறுபடும் சொற்கள்

3.1. மாகாணி: தெலுங்கில் 'மெட்ட' என்பது புன்செய், 'மாகாணி' என்பது நன்செய். தமிழில் மாகாணி என்பது பதினாறில் ஒரு பங்கு. அதாவது ஒரு மாவும் (இருபதில் ஒன்று) ஒரு காணியும் (எண்பதில் ஒன்று) சேர்ந்த பின்னம். பாகப்பிரிவினைப் பத்திரம் என்பது பங்கின் அளவும் நிலத்தின் வகையும் அருகருகே வரும் ஆவணமாகும். அங்கு 'மாகாணி' என்பதை ஒலிபெயர்த்து விட்டுவிட்டால், பழைய தமிழ்ப் பின்ன வழக்கை அறிந்தவர் நிலவகையைப் பங்களவாகப் படிக்க இடமுண்டு. அறியாதவருக்கோ அது பொருளற்ற சொல்லாகும்.

3.2. தகலு: தமிழில் மனுவைத் 'தாக்கல்' செய்கிறோம், அஃது அலுவலகத்தில் சேர்ப்பித்தல் என்னும் பொருளுடையது. அதே அரபு வேரிலிருந்து வந்த தெலுங்குச் சொல்லான 'தகலு', 'தகலு பரச்சு' என வருமிடத்துச் சொத்தை ஒருவர் வசம் ஒப்புவித்தலைக் குறிக்கும். மகளுக்கு நிலம் 'தகலு' செய்யப்பட்டது என்பதை 'தாக்கல் செய்யப்பட்டது' என்று பெயர்த்தால், முடிந்துபோன உரிமை மாற்றம் வெறும் விண்ணப்பமாகச் சுருங்கிவிடும்.

3.3. பிதிரார்ஜிதம்: இச்சொல் இரு மொழிகளிலும் உண்டு. சொற்பொருள் 'தந்தை ஈட்டியது'. வழக்குப் பொருள் 'முன்னோர் வழி வந்தது'. சட்டம் இவ்விரண்டையும் வேறுபடுத்துகிறது. முன்னோர் வழி வந்த கூட்டுக் குடும்பச் சொத்தில் மக்களுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு. தந்தை தாமே ஈட்டிய சொத்தில் அவர் உயிரோடிருக்கும்வரை மக்களுக்கு உரிமையில்லை; அதனை அவர் விரும்பியவருக்கு எழுதிவைக்கலாம். அச்சொத்து 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவின் வழி மகனுக்கு வந்தால் அது மகனின் தனிச் சொத்தே என உச்ச நீதிமன்றம் சந்தர் சென் வழக்கில் (1986) தீர்ப்பளித்தது. எனவே 'பிதிரார்ஜிதம்' என்பதைத் 'தந்தையின் சம்பாத்தியம்' என்று தூய தமிழாக்கும் முயற்சி, சொல்லுக்கு நேர்மையாகவும் பொருளுக்கு மாறாகவும் முடிகிறது. 'முன்னோர் வழிச் சொத்து' என்பதே இங்குப் பொருந்தும்.

3.4. பசுப்பு குங்கும: திருமணத்தின்போது மகளுக்கு மஞ்சள் குங்குமத்தின் பெயரால் நிலம் தரும் வழக்கம் தெலுங்குப் பகுதிகளில் உண்டு. இதற்குத் தமிழில் நேர்ச்சொல் 'மஞ்சட்காணி'. பேச்சு வழக்கில் 'மஞ்சக்காணி'. இதனைச் 'சீதனம்' எனப் பெயர்ப்பது ஏற்புடையதன்று. இன்றைய வழக்கில் சீதனம் என்பது வரதட்சணையோடு கலந்துவிட்ட சொல். 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தின் நிழல் அதன்மீது விழுகிறது. மஞ்சட்காணியோ மகளுக்கே உரிய நிலம். இத்தகைய நிலம் பெரும்பாலும் வாய்மொழியாகவே தரப்படுவதால், அசையாச் சொத்தின் கொடைக்குச் சான்றொப்பமிட்ட, பதிவுசெய்த ஆவணம் வேண்டும் என்னும் 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 123ஆம் பிரிவு அதற்கு எதிராக நிற்கிறது. பிற்காலப் பத்திரமொன்றில் 'பசுப்பு குங்கும' என வரும் குறிப்பு அவ்வாய்மொழிக் கொடைக்கு எஞ்சிய ஒரே எழுத்துத் தடயமாக இருத்தலும் கூடும். அத்தடயத்தைப் பெயர் மாற்றுவது சிறு பிழையன்று.

4. 'வாரிசு' என்னும் பொதுச்சொல்

மேற்கூறியவை சொல்லளவில் திருத்தத்தக்க பிழைகள். கருத்தளவில் ஆழமான பிழை வேறொன்று உண்டு. கூட்டுக் குடும்பத்தில் பிறப்பால் பங்குடையவரை ஆங்கிலச் சட்ட மொழி 'கோபார்சனர்' என்னும் தனிச்சொல்லால் குறிக்கிறது. அதனைத் தமிழில் பலரும் 'வாரிசு' என்றே எழுதுகின்றனர். அரபு வழிவந்த வாரிசு என்னும் சொல் ஒருவர் இறந்தபின் அவர் சொத்துக்கு உரியவராகிறவரைக் குறிக்கும். ஒருவருக்குப் பிறப்பு உரிமை தருகிறது. மற்றவருக்கு இன்னொருவரின் இறப்பு உரிமை தருகிறது. இவ்வேறுபாடு ஒரே சொல்லுக்குள் மறைந்துவிடுகிறது.

இதன் விளைவைச் சட்ட வரலாறு காட்டும். ஆந்திரப் பிரதேசம் 1985 செப்டம்பர் 5 முதலும், தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதலும் மகளுக்குப் பிறப்பால் பங்குரிமை வழங்கின. இரு சட்டங்களும் அந்நாளுக்கு முன் திருமணமானவர்களை விலக்கின. எனவே 1987இல் மணமான மகள், ஆந்திரச் சட்டத்தின்கீழ் வரும் நகரியின் குடும்பத்தில் பங்குடையவள். தமிழகச் சட்டத்தின்கீழ் வரும் திருத்தணியின் குடும்பத்தில் பங்கில்லாதவள். 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மைய அரசின் திருத்தச் சட்டம் இவ்வேற்றுமையை நீக்கியது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, ஆதலால் அந்நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என வினீதா சர்மா வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அத்தீர்ப்பு முழுவதும் 'பிறப்பு' என்னும் கருத்தின்மீதே நிற்கிறது. அதனை விளக்கும் தமிழ்க் கட்டுரைகள் மகளை 'வாரிசு' என்று மட்டும் கூறுமாயின் தீர்ப்பின் மையமே விடுபட்டுப்போகும். மகள் வாரிசு என்பது 1956லேயே ஏற்கப்பட்டுவிட்டது. பின்னர் வந்த புதுமை அஃதன்று.

விடுதலைப் பத்திரத்தில் இச்சிக்கல் உச்சம் பெறுகிறது. தெலுங்கில் 'ஹக்கு விடுதல' எனவும் தமிழில் 'பாத்தியதை விடுதலை' எனவும் வழங்கும் இப்பத்திரத்தால், பெண் மக்கள் உடன்பிறந்தாருக்குத் தம் பங்கை விட்டுக்கொடுக்கின்றனர். விடுவதற்கு முதலில் ஓர் உரிமை இருத்தல் வேண்டும். தந்தை உயிரோடிருக்கையில் எதிர்கால வாரிசுக்கு இருப்பது எதிர்பார்ப்பு மட்டுமே. அவ்வெதிர்பார்ப்பைக் கைமாற்ற இயலாது எனச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு கூறுகிறது. 'எனது பிறப்புரிமைப் பங்கை விடுகிறேன்' என்னும் மூலத்தை 'எனது வாரிசுரிமையை விடுகிறேன்' என்று பெயர்த்தால், மெய்யான உரிமையொன்றைக் கைவிடும் செயல், இல்லாத ஒன்றைக் கைவிடும் சடங்காகத் தோற்றமளிக்கிறது. தொலைவிலிருந்து கையொப்பமிடும் மகள் தான் எதையும் இழக்கவில்லை என்றே கருதக்கூடும்.

பிற நாட்டுச் சட்டங்களோடு ஒப்பிடுகையிலும் 'வாரிசு' போதாமை தெரிகிறது. எசுப்பானிய மரபைப் பின்பற்றும் பிலிப்பீன்சு உரிமையியல் சட்டத்தில், பெற்றோர் உயிலால் பறிக்க இயலாத ஒதுக்கீட்டுப் பங்கு பிள்ளைகளுக்கு உண்டு. தக்க காரணம் காட்டி முறையாக விலக்கினாலன்றி அப்பங்கு அவர்களுக்கே உரியது. இந்துச் சட்டத்தில் அத்தகைய ஒதுக்கீடு இல்லை. தந்தை தம் பங்கினை உயிலால் எவருக்கும் எழுதலாம். ஒருவர் கட்டாய வாரிசு, மற்றவர் உயில் இல்லாதபோது மட்டும் வரும் வாரிசு. இருவரையும் அடைமொழியின்றி 'வாரிசு' என்று குறிக்கும் தமிழாக்கம், வெளிநாடுகளில் இவ்விரு சமூகத்தாரோடும் பணிபுரியும் மொழிபெயர்ப்பாளரைத் தவறான வழியில் செலுத்தும்.

5. 'பங்காளி': சொல்லும் வழக்கும்

பிறப்பால் பங்குடையவரைக் குறிக்கத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. 'பங்காளி' அத்தகைய சொல்லே. தெலுங்கின் 'பாலிவாரு' அதே அமைப்புடையது. 'பாலு' என்பது பங்கு. தமிழில் பகுதியைக் குறிக்கும் 'பால்' இதன் இனச்சொல். 'தாயாதி' என்பதும் இவ்வகையினதே. அது வடமொழித் 'தாயாத' (தாயம் பெறுபவன்) என்பதன் திரிபு. தாய் என்னும் சொல்லோடு தொடர்பற்றது. ஆணின் வழியைக் குறிக்கும் சொல் தாயின் பெயரைத் தாங்கியதுபோல் தோன்றுவது குறிப்பிடத்தக்கது.

'பங்காளி' பெண்ணுக்கு ஆகாது என்பது இச்சொல்லுக்கு எதிராக எழக்கூடிய முதன்மையான மறுப்பு. பங்காளி, மாமன் மச்சான் என்னும் உறவுப் பகுப்பில் பங்காளி என்பது தந்தைவழி ஆண்களின் வட்டம்; மணமான பெண் தீட்டு முதலிய முறைகளில் அவ்வட்டத்தைவிட்டு நீங்குகிறாள். இது மறுக்கத்தக்கதன்று. ஆயினும் இத்தடை வழக்கினால் வந்ததேயன்றிச் சொல்லமைப்பினால் வந்ததன்று. தொழிலாளி, போராளி, நோயாளி ஆகியவற்றில் வரும் '-ஆளி' ஈறு இருபாற்கும் பொதுவானது. 'பங்காளி வந்தாள்' என்பது இலக்கண வழுவன்று. கேட்டுப் பழகாத தொடர் மட்டுமே. தெலுங்கின் 'பாலிவாடு' ஒருமையில் ஆண்பாலீறு பெற்றிருப்பதால் அம்மொழிக்கு இவ்வசதி இல்லை, தமிழுக்கு உண்டு.

'பங்குதாரர்' வணிகக் கூட்டாளியை நினைவூட்டும். 'கூட்டுப் பங்குரிமையர்' பொருள் பிழையற்றது. ஆயின் பத்திரம் எழுதுவோர் நாவில் பழகாதது. 'பிறப்புரிமைப் பங்காளி' என்னும் தொடர் உறவுமுறைப் பங்காளியிலிருந்து வேறுபட்டு, உரிமையின் தோற்றுவாயையும் தன்னுள் கொண்டுள்ளது. பத்திரத்தின் தொடக்கத்தில் 'மகன், மகள் இருவரையும் குறிக்கும்' என்று ஒருமுறை வரையறுத்தால் ஐயத்திற்கு இடமிராது.

6. முடிவுரை

எச். எச். வில்சன் 1855இல் தொகுத்த நீதி, வருவாய்த் துறைச் சொல்லடைவு இந்திய மொழிகள் பலவற்றின் சொற்களை ஒரே நூலில் சேர்த்தது. அதன்பின் நிலவுரிமைச் சட்டங்கள் பெரிதும் மாறிவிட்டன. இன்றைய சட்டப் பொருளோடு தெலுங்கு, தமிழ் நில ஆவணச் சொற்களை எதிரெதிரே வைத்து, ஒத்த ஒலியும் வேறான பொருளும் உடையவற்றைத் தனியே சுட்டும் சொல்லடைவு இப்பகுதிக்குத் தேவை. அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதிப் பொருள், ஆவணப் பொருள், சட்டப் பொருள் என்னும் மூன்றும் தரப்படுதல் வேண்டும். மாவட்டப் பெயர்களை இன்றைய பெயருக்கு மாற்றாமல் மூலத்தில் உள்ளவாறே தந்து, இன்றைய பெயரை அடைப்புக்குறிக்குள் காட்டுதல் நலம்.

பங்குரிமை பற்றிய சட்டம் 1985க்கும் 2020க்கும் இடையில் பெரும் மாற்றம் அடைந்தது. தமிழாக்கச் சொற்கள் அம்மாற்றத்தை இன்னும் ஏற்கவில்லை. பிறப்பால் வந்த உரிமையை இறப்பால் வரும் உரிமையாக எழுதும்வரை, சட்டம் மகளுக்கு அளித்ததை மொழிபெயர்ப்பு அவளறியாமல் மறைத்துக்கொண்டிருக்கும்.