மடையன் வேறு, தற்குறி வேறு

வீரமாமுனிவரின் பரமார்த்த குருவுக்கு ஐந்து சீடர்கள்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். ஆற்றைக் கடந்ததும் தன்னை விட்டுவிட்டுத் தலை எண்ணி, ஓர் ஆள் குறைகிறதே என்று அழும் அந்தக் கூட்டத்தைப் படித்துச் சிரித்துத்தான் நாம் வளர்ந்தோம். எனக்கு அந்த ஐந்து பெயர்களும் ஒரு சின்ன அகராதி. 1732இல் சதுரகராதியைத் தொகுத்தவர் கோத்த சரம் அல்லவா அது! ஐந்துக்கும் ஒரே பொருள் என்று தோன்றும். ஆனால் மூடன் வடமொழியில் குழம்பி நிற்பவன். பேதை நல்லது கெட்டது பிரித்தறியாதவன். ஐந்து முதல் ஏழு வயதுவரையுள்ள பெண்பிள்ளையையும் அப்படித்தான் சொன்னார்கள். மிலேச்சனுக்கோ அறிவோடு எந்தத் தொடர்பும் இல்லை. நம் மொழியும் வழக்கமும் தெரியாத வேற்றாள், அவ்வளவே. இத்தாலியில் பிறந்த ஒருவரே அந்தச் சொல்லை அசடர் வரிசையில் உட்கார வைத்திருக்கிறார் என்பது என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுகிறது.

அறிவில்லாதவன் என்று ஏசத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. அந்த வளத்தின்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. மூன்று வேறு நிலைகளை ஒரே குட்டையில் போட்டுக் கலக்குகிறோமே, அதுதான் உறுத்துகிறது. சிந்திக்க மறுப்பது ஒன்று. படிக்க வழியில்லாமல் போனது இன்னொன்று. பிறவியிலேயே மெல்லக் கற்பது மற்றொன்று. முதலாவதை ஏசலாம், சில நேரம் ஏசியே ஆக வேண்டும். மற்ற இரண்டையும் ஏச யாருக்கும் உரிமை கிடையாது.

பழைய நூல்கள் இந்த வேறுபாட்டை நம்மைவிட நன்றாக அறிந்திருந்தன. சிரிப்பு பிறக்கும் இடங்கள் நான்கைச் சொல்லும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், பேதைமையையும் மடனையும் தனித்தனியாக வைக்கிறது. சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பதுதான் மடம் என்று உரைகாரர்கள் விளக்கினார்கள். மடம் கல்லாமை அல்ல, கற்றதைத் தாண்டி யோசிக்காமை என்றாகிறது. எவ்வளவு கூர்மையான பார்வை! அதையே பெண்ணுக்கு அணியாகவும் பூட்டினார்கள் என்பது அந்தப் பார்வையில் விழுந்த கறை. குறளில் கல்லாமை 41ஆம் அதிகாரம். பேதைமையும் புல்லறிவாண்மையும் வெகுதூரம் தள்ளி, 84, 85. கல்லாமையை வள்ளுவர் கடுமையாகத்தான் பேசுகிறார். ஆனால் அதற்கு அடுத்த அதிகாரமே கேள்வி. படிக்காதவனுக்கும் காது இருக்கிறது, கேட்டு அறியலாம் என்று ஒரு கதவைத் திறந்துவைக்கிறார். தன்னைத்தானே அறிவாளியாக நினைத்துக்கொள்ளும் புல்லறிவாளனுக்கு அப்படி ஒரு கதவு இல்லை.

ஏச்சு மேல்நோக்கிப் பாயும்போது அதற்கு ஒரு கண்ணியம் வந்துவிடுகிறது. சித்தர்கள் ஏட்டைச் சுமந்து திரிந்த பண்டிதர்களைத்தான் மூடர்கள் என்றார்கள். பெரியார் சிலைகள் பலவற்றின் பீடத்தில் முட்டாள் என்ற சொல்லைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகாதவனை அது சுடவில்லை. யோசிக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பவனைச் சுடுகிறது. இந்தக் கூர்மை நம் மொழிக்கு வேண்டும்.

இதற்கு நேர்மாறான வரலாறு தற்குறிக்கு. எழுதத் தெரியாதவர் பத்திரத்தில் இடும் அடையாளத்துக்குத்தான் முதலில் அந்தப் பெயர். இது இன்னாருடைய குறி என்று எழுத்தறிந்த ஒருவர் அருகில் சான்று எழுதுவார். எழுத்து தெரியாவிட்டாலும் உன் சம்மதம் செல்லும் என்று ஊர் ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. நிலம் கைமாறியது, கடன் தீர்ந்தது, எல்லாம் அந்தக் கீறலை நம்பி. பிறகு குறியின் பெயர் ஆளின் மேல் ஏறியது, ஆளின் பெயர் வசவானது. கைநாட்டு என்ற சொல்லும் இதே பாதையில்தான் சறுக்கியது. இன்று அரசியல் சண்டைகளில் பட்டம் பெற்றவர்களையே தற்குறி என்கிறார்கள். படித்தும் யோசிக்காதவன் என்ற பொருள் இப்போது சேர்ந்திருக்கிறது. அந்தப் பொருளில் தவறில்லை. ஆனால் அதைச் சொல்ல, பெருவிரலில் மை தொட்ட நம் பாட்டிகளின் அடையாளத்தை எடுத்துக்கொள்வது எனக்குப் பொறுக்கவில்லை.

பாராட்டிலும் இந்தக் கோளாறு ஒளிந்திருக்கிறது. காமராஜரைப் படிக்காத மேதை என்கிறோம், அன்போடுதான். அதில் மறைந்திருக்கும் வியப்பைக் கவனியுங்கள்: படிக்காமல் எப்படி மேதை? அரைநாள் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில் என்று 1953இல் வந்த திட்டம், 1954இல் அவர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. 1956இல் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. சிறுவயதிலேயே பள்ளியை விட்டவர் அவர். படிப்பு வேறு, அறிவு வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது; ஆனாலும் படிப்பு எல்லாருக்கும் சேர வேண்டும் என்று நின்றார்.

பிறவியிலேயே மெல்லக் கற்பவர்களைப் பற்றிச் சட்டம் ஓரளவு விழித்துக்கொண்டது. மாற்றுத்திறனாளிகளைப் பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குழந்தையை மனத்தளவில் துன்புறுத்துவதை 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் தடுக்கிறது. ஆனாலும் மக்கு, மண்டு, மரமண்டை, களிமண் எல்லாம் வகுப்பறையைவிட்டு முழுதாக வெளியேறவில்லை.

வீட்டில் இந்தச் சொற்களுக்கு வேறு முகம். போடா அசடு என்று என் அத்தை சொன்னால் அடுத்து தட்டில் இன்னொரு தோசை விழும். அதே பொருளுள்ள சொல்லை நாற்பது பிள்ளைகள் முன்னால் பிரம்போடு நிற்பவர் சொல்லும்போது பதில் பேச முடியாது, சிரிக்கவும் முடியாது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனிடம் வாத்தியார் தினமும் சொல்வார், நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்று. அவன் வீட்டில் உண்மையாகவே மாடு மேய்த்தார்கள். சினை மாட்டின் மடியைப் பார்த்தே இன்னும் எத்தனை நாளில் கன்று போடும் என்று சொல்லிவிடுவான். வகுப்பில் யாரும் அதைக் கேட்டதில்லை. அந்த வருடத்தோடு பள்ளிக்கு வருவதை விட்டுவிட்டான். போன மாதம் பசுக் கடனுக்கு ஒரு படிவத்தை நிரப்பித் தரச் சொல்லி என்னிடம் வந்தான். எழுதி முடித்து, பேனாவை நீட்டினேன். அவன் பெயரை அவன் அழகாக எழுதுவான், பலகையில் எழுதி நானே பார்த்திருக்கிறேன்.

“எனக்கு எழுத வராதுப்பா” என்று மைப்பெட்டியைக் கேட்டான்.