தாலியும் திருச்சபைச் சட்டமும்: பொருள்கோள் நெறி குறித்த ஒரு நோக்கு

கோல சிலாங்கூர், வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களில் வேர்கொண்ட தமிழ்க் கத்தோலிக்கரிடையே தாலி கட்டும் வழக்கம் இன்றும் நிலவுகிறது. 1704ஆம் ஆண்டு திருத்தந்தையின் தூதர் துர்னோன் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை தமிழர் சடங்குகள் பலவற்றைத் தடைசெய்தது என்பது வரலாறு. அவ்வாறாயின் தாலி நிலைத்தது எங்ஙனம்? இவ்வினாவுக்குரிய விடை சட்டத்துக்குப் பொருள்கொள்ளும் முறையில் அடங்கியுள்ளது.

அவ்வாணை விலக்கியது பிள்ளையார் உருவம் பொறித்த தாலியையே; தாலி அணிதலையன்று. சிலுவையோ மரியன்னை உருவமோ பொறித்த தாலிக்கு அது இடமளித்தது. சுமை தரும் விதிகளைச் சுருக்கியே பொருள்கொள்ள வேண்டும் என்னும் நெறி 1298இல் எட்டாம் போனிபாஸ் வெளியிட்ட தொகுப்பிலேயே காணப்படுகிறது. இந்நெறியின்படி, தடையைத் தமிழ்ப் பண்பாடு முழுமைக்கும் விரித்துரைப்பது பிழையான வாசிப்பாகும்.

1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும் இதனை வழிமொழிகிறது. சொல்லின் உரிய பொருளை இடமும் சூழலும் நோக்கிக் கொள்ள வேண்டும். ஐயம் எழுமாயின் ஒத்த இடங்களையும் சட்டத்தின் நோக்கத்தையும் இயற்றியோர் கருத்தையும் நாட வேண்டும் என்கிறது 17ஆம் விதி. உரிமையைக் கட்டுப்படுத்தும் சட்டங்களுக்குச் சுருங்கிய பொருளே உரியது என்கிறது 18ஆம் விதி. இடம் நோக்கிப் பொருளுரைத்த நம் உரையாசிரியர் மரபை அறிந்தோர்க்கு இவை புதியன அல்ல.

வழக்கமே சட்டத்தின் சிறந்த உரையாசிரியர் என்பது 27ஆம் விதியின் கருத்து. எனினும் வழக்கத்துக்கும் வரம்புண்டு. இறைச் சட்டத்துக்கு முரணான வழக்கம் சட்ட வலிமை பெறாது என 24ஆம் விதி வரையறுக்கிறது. பறையர் இல்லங்களுக்குள் சென்று நோயுற்றோர்க்கு அருளடையாளம் வழங்க மறுத்த குருக்களையும் அதே 1704 ஆணை கண்டித்தது. ஆனால் 1744இல் பதினான்காம் பெனடிக்ட் தடைகளை உறுதிசெய்தபோது, அம்மக்களுக்கெனத் தனிக்குருக்களை அமர்த்தும் ஏற்பாடே இடம்பெற்றது. இங்கு வழக்கம் உரையாசிரியராக நில்லாமல் சட்டத்தின் எசமானன் ஆயிற்று எனலாம்.

ஆகவே, தாலியைக் காத்த அதே 'வழக்கம்' என்னும் சொல், சாதியைக் காக்கவும் பயன்பட்டுள்ளது. திருமணத்தை ஆக்குவது மணமக்களின் இசைவே என்று 1057ஆம் விதி கூறுகிறது. ஊர் வழக்குகளுக்கேற்பத் திருமணச் சடங்கை அமைக்க 1120ஆம் விதி ஆயர் பேரவைக்கு இசைவளிக்கிறது. இசைவின் அடையாளமாகத் தாலியைப் போற்றுவது முறை. அவ்விசைவைச் சாதி நோக்கித் தடுப்போர் மரபைத் துணைக்கழைப்பது பொருந்தாது. தோட்டப்புற மரபைச் சட்டத்தோடு ஒப்பிட்டு ஆராய்வோர் இவ்வேறுபாட்டை முதற்கண் தெளிதல் வேண்டும்.