நாலு அங்குலம்

குவாட் எனப்படும் நாலு சக்கர வண்டிகளின் பந்தயத்தில் மைதானத்துக்கு ஒரு வண்டி, காட்டுக்கு ஒரு வண்டி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் எஞ்சின், சட்டகம், கைப்பிடி எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். அகலம்தான் வேறு. மைதானத்தில் ஓடும் மோட்டோகிராஸ் குவாட் 50 அங்குலம் விரிந்து நிற்கும். காட்டுக் குவாட் 46ஐ ஒட்டி ஒடுங்கியிருக்கும். பக்கத்துக்கு இரண்டு அங்குலம், அதாவது ஐந்து சென்டிமீட்டர்தான் வித்தியாசம். அந்த ஐந்து சென்டிமீட்டரை எங்கிருந்து எடுக்கிறார்கள், எப்படி எடுக்கிறார்கள் என்று பார்ப்பதில் எனக்கு இன்றுவரை அலுப்புத் தட்டியதில்லை.

காட்டுப் பந்தயத்தின் தாய்மண் அமெரிக்காவின் கிழக்குக் காடுகள். 1975இல் மேற்கு வர்ஜீனியாவின் டேவிஸ் என்ற சிற்றூரில் டேவ் கூம்ப்ஸ் தொடங்கிய பிளாக்வாட்டர் 100 பந்தயம்தான் இன்றைய கிராண்ட் நேஷனல் கிராஸ் கன்ட்ரி தொடருக்கு வித்து. மோட்டார் சைக்கிளைப் போல இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்து ஓட்டும் நாலு சக்கர வண்டிகள், வேரும் பாறையும் ஓடையும் சேறுமாகக் கிடக்கும் பாதையில் இரண்டு மணி நேரம் ஓட வேண்டும். இந்தத் தொடரின் குவாட் பிரிவில் பாரி ஹாக் 1993 முதல் 1999 வரை தொடர்ந்து ஏழு பட்டம் வென்றார். அவருக்குப் பின் வந்த பில் பாலன்ஸ் 2000 முதல் 2008 வரை ஒன்பது. இப்படி வருடக்கணக்கில் வெல்கிறவரின் வண்டி வேகமாக இருந்தால் மட்டும் போதாது, மரத்தில் மோதாமல் முழுசாக முடிவுக் கோட்டுக்கு வந்து சேரவும் வேண்டும்.

ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவே 48 அங்குல இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50 அங்குல வண்டிக்கு அது சுவர். சுற்றித்தான் போக வேண்டும். 46 அங்குல வண்டிக்கு வாசல். ஆனால் வாசலுக்குள் நுழைவதை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். நுழைய முடியும் என்ற நம்பிக்கை இருப்பவர் அந்த இடத்தில் கை தளராமல் போகிறார், சந்தேகம் இருப்பவர் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடுகிறார். இரண்டு மணி நேரத்தில் இப்படி எத்தனை இடம் வரும்! ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நேரம் கரைகிறது.

குறுக்கினால் இழப்பும் உண்டு. முன்டயரின் அகலம் 7 அங்குலம். வெளி அகலத்திலிருந்து அதைக் கழித்தால் சக்கர நடுவிலிருந்து சக்கர நடுவுக்கு உள்ள தூரம் கிடைக்கும்: ஒன்றில் 43, மற்றதில் 39. கவிழாமல் தாங்கும் திறன் இந்தத் தூரத்தையும் வண்டியின் எடை மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. உயரம் மாறாவிட்டால் ஏறக்குறைய 9 சதவீதம் போய்விடுகிறது. மோட்டோகிராஸில் வண்டியைத் தாழ்த்தி இந்தக் கணக்கை நேர்செய்யலாம். காட்டில் அதற்கும் வழியில்லை. விழுந்து கிடக்கும் கட்டைகளும் பாறைகளும் அடிவயிற்றில் இடிக்கும். ஆகவே குறைந்த அகலத்தை ஓட்டுபவரின் உடம்புதான் ஈடுகட்ட வேண்டும். வளைவின் உட்பக்கம் இடுப்பை இறக்கி, வெளிக்காலால் கால்தாங்கியை அழுத்தி, அடுத்த மரம் வருவதற்குள் மறுபக்கம் சாய்வார்கள். 46 அங்குல வண்டியில் ஒரு நல்ல ஓட்டுநரின் தோளும் இடுப்பும் ஓயாமல் ஊசலாடுவதைப் பார்ப்பதே ஓர் இன்பம்.

கம்பெனிகளும் ஒரு காலத்தில் இந்த வேறுபாட்டை மதித்தன. 2009இல் கேன்-ஆம் தன் டிஎஸ் 450 வண்டியை இரண்டு உருவில் கொடுத்தது, மோட்டோகிராஸுக்கு 50 அங்குலம், காட்டுக்கு 46. கேடிஎம்மும் எஸ்எக்ஸ், எக்ஸ்சி என்று பிரித்து விற்றது. யமஹாவின் ஒய்எஃப்இஸட் 450ஆர் 49 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. 2010இல் அதற்குத் தம்பியாக வந்த 450எக்ஸ் 46தான். அந்த எக்ஸ் நீண்ட நாள் நிலைக்கவில்லை. எனக்கு இன்னும் அதன் மேல் ஆசை உண்டு. கடையிலிருந்து எடுத்து நேரே காட்டுக்குள் ஓட்டிப் போகக்கூடிய வண்டியாக அதை உருவாக்கியிருந்தார்கள். இன்று காட்டுக்குப் போகிறவர் பெரும்பாலும் அகலமான வண்டியை வாங்கித் தானே குறுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கலை தொடங்கும் இடமும் அதுதான்.

அகலத்தைக் குறைக்க இரண்டு வழி. சட்டகத்தையும் சக்கரத்தையும் இணைக்கும் ஏ-ஆர்மைக் குட்டையாக்கலாம். அல்லது ஆர்மை நீளமாகவே விட்டுவிட்டு, ரிம்மை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். டேப் வைத்து அளந்தால் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும். வேரில் ஏறினால் இரண்டும் வேறு வண்டி.

முன் ரிம்மின் அகலம் 5 அங்குலம். சக்கரத்தைத் தாங்கும் ஹப்பில் பொருந்தும் தட்டுக்கு உள்பக்கம் 3, வெளிப்பக்கம் 2 என்று இருப்பது ஒரு வகை. உள்ளே 4, வெளியே 1 என்பது இன்னொன்று. இரண்டாவதைப் போட்டால் ஒவ்வொரு டயரும் ஓர் அங்குலம் உள்ளே வரும். மொத்தத்தில் இரண்டு அங்குலம் மிச்சம். அந்த மிச்சத்தை ஆர்மின் நீளத்தில் செலவிடலாம். நீண்ட ஆர்ம் மேலும் கீழும் போகும்போது சக்கரத்தின் சாய்வு குறைவாக மாறும், டயர் மண்ணில் படிந்தபடியே இருக்கும். அதைவிட எனக்குப் பிடித்த பலன் கையில் தெரிவது. சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அந்த அச்சுக்கு டயரின் நடு நெருங்கிவிடுகிறது. ஒற்றைச் சக்கரம் வேரில் இடித்தால் அந்த அடி கைப்பிடியைப் பிடுங்குவதற்குக் கிடைக்கும் நெம்பு குறைகிறது. கதவைக் கீல் பக்கமாகத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். முதல் மணி நேரத்தில் இந்த வித்தியாசம் பெரிதாகப் படாது. இரண்டாம் மணி நேரத்தில் முன்கை மரத்துப்போகும்போது படும்.

நீண்ட ஆர்மைப் போட்டுவிட்டுப் பழைய ஸ்பிரிங்கையே விடுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஆர்மின் கீலிலிருந்து சக்கர நடு வரை 16 அங்குலம் இருந்தது, இப்போது 18 என்று கொள்வோம். ஷாக் அப்சார்பர் ஆர்மில் பிடிக்கும் இடம் மாறவில்லை என்றால், சக்கரத்தில் உணரப்படும் ஸ்பிரிங்கின் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், ஏனென்றால் நெம்பு விகிதம் இருமடியாக வேலை செய்கிறது. வண்டி பிரேக்கில் மூக்குக் குப்புறக் கவிழ்வதுபோல் இறங்கும். கைப்பிடியின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் டை ராடும் ஆர்மோடு சேர்ந்து நீள வேண்டும். அது ஏ-ஆர்மின் வளைவிலேயே போகாவிட்டால், சக்கரம் குழியில் இறங்கும்போதெல்லாம் யாரும் திருப்பாமலே தானாகக் கொஞ்சம் திரும்பும். மரங்களுக்கு நடுவே அப்படித் திரும்பும் வண்டியை நம்ப முடியாது.

காட்டில் அகலம் வேண்டும் என்று கேட்கிறவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது நல்ல ஷாக் அப்சார்பர் என்பது என் உறுதியான எண்ணம். வண்டி பக்கவாட்டில் தூக்கிப் போடுகிறது என்பார்கள். வேரில் ஏறிய சக்கரம் சட்டென உள்வாங்காமல் வண்டியையே தூக்குவதால் அப்படி ஆகிறது. வேகமான அடிக்கு இளகிக்கொடுக்கும்படி ஷாக்கைச் சரிசெய்தால், பாதிப் பேர் அகலத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

பின்பக்கம் வேறு உலகம். இரும்பு ஆக்ஸில் ஒன்றே ஒன்று, டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும், வளைவில் ஏதாவது ஒன்று மண்ணில் வழுக்கித்தான் தீரும். பின்பக்கம் அகலமாக ஆக, வண்டி திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும். அதனால் ஹப்பை உள்ளே தள்ளி அகலத்தைக் குறைக்கக்கூடிய ஆக்ஸில் காட்டுக்குப் பொருத்தம். நான் பின்பக்கத்தை முன்பக்கத்தைவிட ஓர் அங்குலமாவது ஒடுக்கி வைக்கும் கட்சி. முன்சக்கரம் கண்ணுக்குத் தெரியும், பின்சக்கரம் தெரியாது. மெதுவான வளைவில் அது உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். சறுக்கும்போது வெளியே வீசும். இரண்டிலும் மரம் காத்திருக்கிறது.

அளக்கும்போது ஓட்டுநர் முழு உடுப்போடு மேலே உட்கார்ந்திருக்க வேண்டும். ஆர்ம் தொங்கும்போது வண்டி குறுகலாகத் தெரியும், எடை ஏறி ஆர்ம் மட்டத்துக்கு வரும்போது விரியும். ஸ்டாண்டில் தூக்கி வைத்து அளந்த 46, பாதையில் 46 அல்ல.

எல்லாக் காடும் ஒரே காடு அல்ல. ஃபுளோரிடாவின் பலாட்கா மணலில் அலை அலையாகக் குழிகள் வரும், இடைவெளிகள் தாராளம். அங்கே 48 அங்குலம் நிம்மதி தரும். அதற்காக ஆர்மைக் கழற்ற வேண்டியதில்லை. நான் தயார்செய்யும் வண்டி என்றால் ட்ரெய்லரில் 3, 2 வகை ரிம் ஒரு ஜோடி டயரோடு தயாராக இருக்கும். மாற்றினால் முன்பக்கம் இரண்டு அங்குலம் கூடிவிடும். கைப்பிடியில் உதைப்பும் கொஞ்சம் கூடும் என்பதால், அதை அடக்கும் ஸ்டியரிங் டாம்பரை இரண்டு கிளிக் இறுக்கிய பிறகே வண்டியைத் தொடக்கக் கோட்டுக்கு அனுப்புவேன்.