வட்டத்துக்குள் வந்தவர்களும் வட்டத்தை வரைந்தவர்களும்

யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு கிழக்கில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு செயலமர்வு நடந்துகொண்டிருக்கும் என்று சொன்னால், அதில் பகிடி கொஞ்சம், உண்மை கூட. மாதர் சங்கத் தலைவி, ஆசிரியர், இளைஞர் கழகச் செயலாளர், பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒருவர், சமூக சேவை உத்தியோகத்தர் என்று ஊருக்காக ஓடித் திரியும் வளர்ந்தவர்களைத்தான் இவற்றுக்கு அழைக்கிறார்கள். கதிரைகளை வட்டமாகப் போடுகிறார்கள். பந்தை எறிந்து பெயர் சொல்லும் விளையாட்டு, உடலால் சிலை செய்தல், குழுவாகப் பிரிந்து சிறு நாடகம். இரண்டாம் நாள் பின்னேரம் சான்றிதழும் படமெடுப்பும். அழைப்பிதழில் தவறாமல் இருக்கும் சொல் ‘எல்லோரையும் உள்ளடக்கிய’ என்பது.

இந்தச் செயலமர்வுகளின் பயனை முழுதாக மறுக்க நான் வரவில்லை. ஒரே பிரதேச செயலகத்தில் பத்து வருடம் வேலை செய்தும் ஒருவர் வீட்டில் ஒருவர் தேநீர் குடித்திராத இரண்டு பேரை ஒரு மண்டபம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால், அது சின்ன விடயம் அல்ல. ஆனால் கலை என்ற பெயரில் நடப்பதைக் கலையாகவே எடுத்து விமர்சிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. நாவலுக்கு ஒரு தராசு, கவிதைக்கு ஒரு தராசு வைத்திருக்கிறோம். செயலமர்வுக்கு மட்டும் “நல்ல விசயம்தானே” என்று விட்டுவிடுகிறோம்.

இங்கே கையாளப்படும் பயிற்சிகளில் பெரும்பகுதி ஒரே ஊற்றிலிருந்து வருகிறது. பிரேசில் நாட்டு அரங்கியலாளர் அகஸ்டோ போவால் (1931–2009) உருவாக்கிய ‘ஒடுக்கப்பட்டோருக்கான அரங்கு’ அது. பாவுலோ பிரெய்ரேயின் கல்விச் சிந்தனையோடு சேர்ந்து வளர்ந்தது. இராணுவ ஆட்சி 1971இல் போவாலைக் கைதுசெய்து சித்திரவதை செய்தது. பிறகு நாட்டை விட்டு வெளியேறினார். 1973இல் பெருவில் நடந்த எழுத்தறிவு இயக்கமொன்றில் வேலை செய்தபோதுதான் விவாத அரங்கு பிறந்தது. நம்முடைய வளவாளர்கள் பலருக்கு இந்த வரலாறு தெரியும். அது பிறந்த கதையின் பொருளைத்தான் அவர்கள் கவனிப்பதில்லை.

அந்தக் கதையைப் போவாலே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண். கணவன் சில தாள்களைக் கொடுத்து, முக்கியமான ஆவணங்கள், பத்திரமாக வைத்திரு என்கிறான். ஒருநாள் அயலவள் ஒருத்தியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னால், அத்தனையும் அவனுடைய காதலி அவனுக்கு எழுதிய கடிதங்கள். வெளியூர் போன கணவன் திரும்பி வருகிறான், அவள் என்ன செய்ய வேண்டும்? நடிகர்கள் நாடகத்தை அந்த இடத்தில் நிறுத்திச் சபையைக் கேட்கிறார்கள். சபை சொல்லச் சொல்ல நடித்துக் காட்டுவதுதான் அன்றைய முறை. பருத்த உடம்புக்காரப் பெண்ணொருத்தி, அவனோடு தெளிவாகப் பேசிவிட்டு மன்னிக்க வேண்டும் என்கிறாள். நடிகை பேசிக் காட்டுகிறாள். அவளுக்குத் திருப்தியில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பேசிக் காட்டுகிறாள். அதுவும் சரிவரவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணே மேடைக்கு ஏறி, தும்புத்தடியை எடுத்துக் கணவனாக நடித்தவரை அடித்து, ‘தெளிவான பேச்சு’ முடிந்தது, இனிப் போய் எனக்குச் சாப்பாடு எடுத்து வா என்று மேசையில் உட்கார்ந்துவிட்டாள்.

விவாத அரங்கு பிறந்தது ஒரு பயிற்சியாளனின் கெட்டித்தனத்தால் அல்ல. நடத்தியவர்கள் தோற்றுப் போன இடத்தில், அவர்களோடு உடன்படாத ஒரு பார்வையாளர் எழும்பி வந்ததால் பிறந்தது. போவாலுக்கு இதற்கு முன்பும் ஓர் அடி விழுந்திருந்தது. பிரேசிலின் வடகிழக்கில் நிலத்துக்காக இரத்தம் சிந்த வேண்டும் என்று அவருடைய குழு பாடி நடித்தபோது, விர்ஜீலியோ என்ற விவசாயி, அப்படியானால் துவக்குகளோடு எங்களுடன் வாருங்கள் என்று கூப்பிட்டார். இவை வெறும் அரங்கப் பொருட்கள் என்று நடிகர்கள் தடுமாறினார்கள். நீங்கள் சிந்தச் சொன்னது எங்கள் இரத்தத்தை, உங்களுடையதை அல்ல என்று அந்த மனிதர் விளங்கிக்கொண்டார். பிறருக்கு உபதேசம் செய்யும் நாடகத்தைப் போவால் கைவிட்டதற்கு அந்த வெட்கமும் ஒரு காரணம்.

ஆக, இந்தக் கலையின் உயிர் பங்குபற்றுபவர் ‘இல்லை’ என்று சொல்லும் இடத்தில் இருக்கிறது. எங்கட செயலமர்வுகளில் அந்த இடம் எங்கே? நிகழ்ச்சி நிரல் முதல் வாரமே அச்சாகிவிடுகிறது. தலைப்பு ‘சகவாழ்வு’ அல்லது ‘நல்லிணக்கம்’. மூவினத்திலும் இத்தனை பேர் என்று வரவுப் பதிவேட்டில் காட்ட வேண்டும். அதிருப்தி சொல்ல விரும்புபவருக்குக் கடைசியில் ஒரு படிவம் கிடைக்கும். சிரிக்கும் முகம், சாதாரண முகம், அழும் முகம் மூன்றில் ஒன்றுக்குப் புள்ளடி போடலாம்.

அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊரொன்றில் நடந்த ஒரு செயலமர்வில் நானும் இருந்தேன். குழு வேலைக்குத் தந்த பிரச்சினை, கடைத் தெருவில் இரண்டு இனத்தவருக்கிடையே வந்த வாய்த்தர்க்கம். பெண்கள் குழுவில் அறுபது வயது மதிக்கத்தக்க ராத்தா ஒருவர் இருந்தார். நடிக்கக் கூப்பிட்டபோது அவர் சொன்னது இது: “தம்பி, கடையில நாங்க ஒருநாளும் சண்ட புடிச்சதில்ல. எங்கட பிரச்சின காணி. பேர்மிட் இரிக்கி, காணி இல்ல. அத நடிப்பமா?” வளவாளர் மரியாதையான பிள்ளை. சிரித்துக்கொண்டே, “அது இந்தத் தலைப்புக்குள்ள வராது உம்மா, பிறகு பாப்பம்” என்றார். ராத்தா போய் உட்கார்ந்தார். கடைத் தெருச் சண்டை அழகாக நடிக்கப்பட்டு, கை குலுக்கலில் முடிந்தது.

பெருவில் மேடைக்கு ஏறிய பெண்ணும் இந்த ராத்தாவும் ஒரே ஆள்தான். ஒருத்தியால் ஒரு கலை வடிவம் பிறந்தது. மற்றவவைத் தலைப்பு இருத்திவிட்டது. அந்த வளவாளரைக் குறை சொல்ல மாட்டேன். தலைப்பை மாற்றினால் அறிக்கை பிழைக்கும், அறிக்கை பிழைத்தால் அடுத்த கட்டப் பணம் வராது. ஆனால் விளைவு என்ன? காணி என்பது அதிகாரத்தோடு பேச வேண்டிய விடயம். கடைத் தெருச் சண்டை அயலவனோடு பேச வேண்டிய விடயம். முன்னதைத் தள்ளிவிட்டுப் பின்னதைத் தரும்போது, எங்கள் பிரச்சினையெல்லாம் எங்களுக்குள்ளேயேதான் இருக்கிறது என்று சனத்துக்கே சொல்லிக் கொடுக்கிறோம்.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு இது இன்னொரு உருவம் எடுத்தது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்கும், அடுத்த மாதம் குருநாகல், மினுவாங்கொடைப் பக்கங்களில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதற்கும் பின்னர், வட்டத்துக்குள் வந்த முஸ்லிமுக்கு ஒரு பாத்திரம் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. தன்னை விளக்குபவன், நான் அவர்களைப் போல் அல்ல என்று சொல்பவன். விவாத அரங்கில் ஒடுக்கப்பட்டவர் கதையின் நாயகனாக நிற்க வேண்டும். இங்கே அவர் கூண்டில் நின்றார்.

இனி வடிவத்துக்கு வருவோம். செயலமர்வு தொடங்குமுன் அதிதிகளை வரவேற்க எங்கட பொல்லடிக் குழுவைக் கூப்பிடுவார்கள். அண்ணாவியார் பாட, சோடி சோடியாக நின்று பொல்லடிக்கிறவர்கள் வாசலில் இருந்து மேடை வரைக்கும் அதிதியைக் கொண்டு போய் விடுவார்கள். அத்தோடு அவர்களுக்கு வேலை முடிந்தது; சாப்பாட்டுப் பார்சலோடு வீட்டுக்குப் போகலாம். பிறகு வளவாளர் வந்து “எல்லாரும் வட்டமாக நில்லுங்க” என்பார். வட்டமாக நின்று, ஒருவரின் அடிக்கு மற்றவர் அடி கொடுத்து, ஒருவர் பிசகினால் முழு ஆட்டமும் பிசகும் என்று தெரிந்த ஆட்கள் அப்போதுதான் வெளியே போயிருப்பார்கள்!

கவியும் அப்படித்தான். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் தேடித் தொகுத்த கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கிராமியக் கவிகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், அவற்றில் பெரும்பகுதி ஒருவர் சொல்ல இன்னொருவர் மறுத்துச் சொல்வது. மச்சானுக்கு மச்சி, உம்மாவுக்கு மகள், வயல் காவலுக்குப் போனவனுக்கு வீட்டில் இருப்பவள். பள்ளிக்கூடப் படி மிதிக்காத பெண்கள் கட்டிய கவிகள் எத்தனையோ. கேட்பவள் கேட்டுக்கொண்டே இருக்க மாட்டாள், அடுத்த அடியை எடுத்துவிடுவாள். பார்வையாளரை நடிகராக்குவது என்று போவால் 1970களில் பெயர் வைத்ததற்கு மிகக் கிட்டிய ஒரு பழக்கம் எங்கட குடிசைகளில் இருந்திருக்கிறது. அதைக் கருவியாகக் கொண்டு ஒரு செயலமர்வை வடிவமைத்ததை நான் பார்த்ததில்லை.

இது முடியாத காரியம் அல்ல. மட்டக்களப்பில் கலாநிதி சி. ஜெயசங்கரும் அவருடன் சேர்ந்தவர்களும் சீலாமுனைக் கிராமத்தில் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம் நம் பக்கத்து வீட்டு உதாரணம். கூத்தைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு போய்ச் செம்மைப்படுத்திய பேராசிரியர் வித்தியானந்தனின் 1960களின் முயற்சிக்குத் தனி மதிப்பு உண்டு. சீலாமுனையில் நடந்தது வேறு. கூத்தர்களே தங்கள் கூத்தின் கதையை, அதில் பெண் வரும் விதத்தை, சாதி வரும் விதத்தை ஊருக்குள் இருந்து பேசி மாற்றினார்கள். அது இரண்டு நாள் வேலையாகவும் இருக்கவில்லை. பராக்கிரம நிரியெல்லவும் எச்.ஏ. பெரேராவும் தொடங்கிய மக்கள் களரியிலும் சிங்கள, தமிழ் இளைஞர்கள் ஒரே கூடாரத்தோடு ஊர் ஊராகத் திரிந்து, ஒருவர் மொழியில் மற்றவர் நடித்தார்கள். இரண்டிலும் கலைக்குக் காலம் கொடுக்கப்பட்டது. எங்கட பொல்லடிக்கும் கவிக்கும் அப்படி ஒரு காலம் இன்னும் வாய்க்கவில்லை.

பழியை முழுதாக நிறுவனங்கள் மேல் போட்டுவிட்டுத் தப்பவும் முடியாது. கவி ஜாஹிலியாக் காலத்து வேலை, பெண்ணின் குரல் வெளியே கேட்கக் கூடாது, றபான் பித்அத் என்று அடுக்கி அடுக்கி நாமேதான் கதவை மூடினோம். கலியாண வீட்டில் குரவையிட்ட மூத்தம்மாமாரின் பேத்திகளுக்குக் குரவை என்றால் என்னவென்று தெரியாது. மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்ல. ஆனால் நடைமுறையில் ஒரு வழி இருக்கிறது: முதலில் பெண்கள் மட்டும் கூடட்டும், லுஹருக்கும் அஸருக்கும் இடம் விட்டு நேரம் வகுக்கட்டும், பிள்ளையைப் பார்க்க ஆள் இருக்கட்டும், எதைச் சபைக்குக் கொண்டுவருவது, எதை உள்ளேயே வைத்துக்கொள்வது என்று அவர்களே முடிவு செய்யட்டும். இதை ‘பின்தங்கிய’ ஏற்பாடு என்று சில கொழும்பு வளவாளர்கள் முகம் சுளிப்பார்கள். விவாத அரங்கோ ஒரே ஒடுக்குமுறையை அனுபவிப்போர் சேர்ந்திருக்கும்போதுதான் நன்றாக வேலை செய்கிறது.

உள்ளடக்கம் என்ற சொல்லுக்குள் மாற்றுத்திறனாளிகளும் வருகிறார்கள், தாளில். இந்நாட்டில் அவர்களது உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்துவிட்டது. செயலமர்வோ மேல்மாடி மண்டபத்தில். செவிப்புலன் அற்ற ஒருவரை முன்வரிசையில் இருத்திப் படமெடுக்கிறார்கள். பேச்சே இல்லாமல் உடலால் சிலை செய்யும் படிம அரங்கை அவரைவிட நன்றாக வழிநடத்தக்கூடியவர் அந்த மண்டபத்தில் யாரும் இல்லை என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

செயலமர்வு இல்லாமலே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலே சொன்னபோதும் கேட்கவில்லை. டிசம்பரில் பிறந்து இருபது நாளான ஒரு சிசு பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. அதன் பின்னர் பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் யாரோ வெள்ளைத் துணித் துண்டைக் கட்டினார்கள். பிறகு இன்னொருவர், பிறகு நூற்றுக்கணக்கானோர். சிங்களவர், தமிழர், கிறிஸ்தவப் பாதிரிமார் எல்லாரும் வந்து கட்டினார்கள். இரவில் அவிழ்த்தால் பகலில் மறுபடி கட்டினார்கள். கனத்தைக்குப் போக முடியாதவர்கள் தங்கள் வீட்டு கேற்றில் கட்டினார்கள்.

கலை விமர்சனமாகப் பார்த்தால் இதைவிடச் சிக்கனமான படைப்பு அண்மையில் இந்த நாட்டில் உருவாகவில்லை. கபன் துணி எங்கள் வீட்டுப் பொருள். அதன் அர்த்தத்தை யாருக்கும் விரிவுரை செய்ய வேண்டியிருக்கவில்லை. முஸ்லிம் தன்னை விளக்கவில்லை, துக்கத்தை வைத்தான். மற்றவர்கள் வந்து அந்தத் துக்கத்தில் ஒரு முடிச்சுப் போட்டார்கள். தலைப்பு பாதிக்கப்பட்டவனுடையது, வடிவமும் அவனுடையது, வாசல் எல்லோருக்கும் திறந்தது. 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கம் செய்ய அனுமதி வந்ததற்குப் பல காரணங்கள் உண்டு; துணியால்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓட்டமாவடி மஜ்மா நகரில் உறங்குகிறவர்களின் கதையில் அந்த வேலிக்கும் ஓரிடம் உண்டு.

போவால் 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனீரோ மாநகர சபை உறுப்பினராக இருந்தார். ஊர் ஊராக விவாத அரங்கு நடத்தி, மேடையில் சனம் சொன்ன தீர்வுகளைச் சட்ட வரைவுகளாக்கிச் சபைக்குக் கொண்டு போனார். 13 சட்டங்கள் நிறைவேறின. இதைச் சட்டவாக்க அரங்கு என்றார். வளர்ந்தவர்களை, ஊர் வேலை செய்கிறவர்களை இரண்டு நாள் கூட்டிவைப்பதாக இருந்தால் போக வேண்டிய திசை இதுதான் என்று நினைக்கிறேன். 2025 மே மாதத் தேர்தலோடு நம் பிரதேச சபைகளும் நகர சபைகளும் மறுபடி இயங்கத் தொடங்கிவிட்டன. 25 சதவீத ஒதுக்கீட்டால் வந்த பெண் உறுப்பினர்களும் அவற்றில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பார்வையாளராக வந்து உட்காரட்டும். பேர்மிட் இருந்தும் காணி இல்லாதவர் உத்தியோகத்தர் முன்னால் நிற்கும் காட்சியை நடிக்கட்டும். நிறுத்தி, மாற்றி, மறுபடி நடித்துப் பார்த்து, எந்தக் கேள்விக்கு உத்தியோகத்தரின் வாய் அடைக்கிறது என்று கண்டுபிடிக்கட்டும். கடைசியில் எழுதப்படும் தாளின் முதல் பிரதி சபைக்கூட்டத்துக்குப் போகட்டும். நிதி தந்தவருக்கு இரண்டாம் பிரதி போதும்.