மகனை அவுட் ஆக்கிய அப்பா

பேட்டிங் சராசரி .432, ஹோம் ரன் 37. ஆகஸ்ட் வில்சனின் ‘ஃபென்சஸ்’ நாடகத்தில் டிராய் மாக்ஸன் தன் பழைய பேஸ்பால் ஆட்டத்துக்குச் சொல்லும் கணக்கு இது. கூடவே, நியூயார்க் யாங்கீஸ் அணியின் வெள்ளை வீரர் செல்கர்க் எடுத்த .269ஐயும் சொல்லிக் குமுறுகிறார். செல்கர்க்குக்குப் பெரிய லீக்கில் இடம் இருந்தது. டிராய் ஆடியதோ கறுப்பர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நீக்ரோ லீக்கில். 1947இல் ஜாக்கி ராபின்சன் அந்தத் தடையை உடைத்தபோது டிராய்க்கு நாற்பது தாண்டிவிட்டது.

டிராய் கற்பனைப் பாத்திரம்; அவர் நொந்து பேசும் ஜோஷ் கிப்ஸன் நிஜம். பிட்ஸ்பர்க் வட்டாரத்தின் மகத்தான பேட்ஸ்மேன் அவர். ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 35 வயதில் இறந்துபோனார். நீக்ரோ லீக் கணக்குகள் 2024இல்தான் பெரிய லீக்கின் அதிகாரபூர்வப் பட்டியலில் சேர்ந்தன. உடனே கிப்ஸனின் பேட்டிங் சராசரி .372, டை காபின் .367ஐத் தாண்டி முதலிடத்துக்கு வந்தது. ஆக, டிராயின் கோபத்தில் பொய் கிடையாது.

கதை நடப்பது 1957, பிட்ஸ்பர்க். டிராய் இப்போது குப்பை லாரியில் வேலை பார்க்கிறார். மகன் கோரிக்கு அமெரிக்கக் கால்பந்து மூலம் கல்லூரியில் சேரும் வாய்ப்பு வருகிறது. வெள்ளைக்காரர்கள் உன்னை மேலே வர விடமாட்டார்கள் என்று சொல்லும் அப்பா, பயிற்சியாளரிடமே போய் ஆட்டத்தை நிறுத்திவிடுகிறார். இதை வெறும் பொறாமை என்று சொன்னால் எனக்கு மனம் ஒப்பவில்லை. லாரி ஓட்டும் வேலை வெள்ளையருக்கு மட்டும்தானா என்று மேலதிகாரியிடம் கேட்டு, அதே காலத்தில் ஓட்டுநராகிறவரும் இவர்தான். காலம் மாறியதற்கு அவரே சாட்சி. ஆனால் மைதானமும் மாறியிருக்கும் என்று மட்டும் அவரால் நம்ப முடியவில்லை. நாடகத்தின் உயிரே இந்த முரணில் இருக்கிறது.

மகன் எதிர்த்து நிற்கும்போது ‘முதல் ஸ்ட்ரைக்’ என்கிறார்; மூன்றானால் அவுட். அடுத்த மோதலில் இரண்டாவது. பந்து வீசுபவரும் அவரே, நடுவரும் அவரே. தன்னை வெளியே நிறுத்தியவர்களின் இடத்தில் இப்போது அவர் நிற்கிறார். கடைசி மோதலில் பேட்டைத் தூக்கும் மகனிடமிருந்து அதைப் பிடுங்கி, வீட்டைவிட்டே துரத்துகிறார்.

பிராட்வேயில் 1987இல் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸும் 2010இல் டென்சல் வாஷிங்டனும் இந்த வேடத்துக்காக டோனி விருது வாங்கினார்கள். டிராயின் பேச்சு அவ்வளவு வசீகரமானது. அதில் ஆபத்தும் உண்டு; அவர் மனைவி ரோஸாக நடிப்பவர் பலவீனமாக இருந்தால் பார்வையாளர்கள் டிராயை மன்னித்துவிடுவார்கள். வேறொரு பெண்ணுக்குத் தன்னால் குழந்தை பிறக்கப்போவதை மனைவியிடம் விளக்கும்போதும் அவர் பேஸ்பால் பாஷைக்குள் ஒளிகிறார். இது ஆட்டமல்ல, நம் வாழ்க்கை என்று ரோஸ் அங்கேயே மறித்துவிடுகிறார். பதினெட்டு வருஷமாகத் தானும் அவரோடு அதே இடத்தில் நின்றதைச் சொல்கிறார். வயோலா டேவிஸுக்கு 2010இல் டோனியும், பின்னர் திரைப்படத்துக்காக ஆஸ்கரும் தந்த வேடம் அது. மொத்த நாடகத்திலும் டிராய்க்குச் சரியான பதிலடி அந்தக் காட்சிதான்.

1965இல் நடக்கும் கடைசிக் காட்சியில் மட்டும் எனக்கு ஒரு குறை. அப்பாவின் இறுதிச் சடங்குக்கு வரமாட்டேன் என்று மரைன் சீருடையில் நிற்கும் கோரியை ரோஸ் மடக்கிப் பணிய வைக்கிறார். எட்டு வருஷக் கோபம் ஒரே காலையில் கரைந்துபோகிறது. கோரிக்கு இன்னும் கொஞ்சம் பேச இடம் கொடுத்திருக்கலாம்.