டாலர் குறி போட்ட கோப்பு

பொறியியல் மென்பொருட்களைப் பற்றி நம்மூரில் நடக்கும் பேச்செல்லாம் எது வேகம், எது விலை குறைவு, எதில் ஐஎஸ் கோடு இருக்கிறது என்பதோடு முடிந்துவிடும். கோப்பு கெட்டுப்போகும் அன்றைக்கு அந்த மென்பொருள் நம்மிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று யாரும் மதிப்பெண் போடுவதில்லை. இந்தக் குறிப்பில் அதைத்தான் செய்யப்போகிறேன். தூத்துக்குடியில் இது வெறும் விவாதமில்லை. ஒரு கப்பல் தளத்தை ஐம்பது வருஷம் உப்புத் தண்ணீரில் நிற்கணும் என்று கட்டுகிறோம். பதினைந்து வருஷம் கழித்துப் பெரிய கிரேன் வைக்கணும் என்று வந்தால் பழைய மாடலைத் தேடுவோம். அப்போது அது திறக்கணும்.

முதலில் ஸ்டாட் ப்ரோ. அம்ரித் தாஸ் தொடங்கிய ரிசர்ச் என்ஜினியர்ஸ் உருவாக்கியது, 2005-ல் பென்ட்லி கைக்குப் போனது. முகப்புப் பழசு, படம் சுமார் என்று இளசுகள் சிரிப்பார்கள். ஆனால் அதன் மாடல் கோப்பு வெறும் எழுத்து. நோட்பேடில் திறக்கலாம். மேலே கணுக்களின் ஆயத்தொலைவுகள், அப்புறம் உறுப்புகள், பிறகு குறுக்குவெட்டு அளவுகள், தாங்கிகள், கடைசியில் சுமைகள். பாதியில் அறுந்துபோனாலும் மேல் பாதியை வாசிக்கலாம்.

எழுத்துக் கோப்பு என்றால் சாவே இல்லை என்று நினைக்க வேண்டாம். சேமிக்கும் நேரத்தில் கரண்ட் போனால், கோப்பின் அளவு சரியாகக் காட்டும், உள்ளே முழுக்கப் பூஜ்யமாக இருக்கும். விண்டோஸில் இது நடக்கிற சங்கதிதான். அங்கே எந்த எழுத்தும் உதவாது. வேறு இடத்தில் ஒரு பிரதி இருந்தால்தான் உண்டு.

அடுத்து சாப்2000, ஈடேப்ஸ். 1970-ல் பெர்க்லியில் எட்வர்ட் வில்சன் எழுதிய நிரலின் வழி வந்தவை. இவற்றின் மாடல் கோப்பு இருமக் குறியீட்டில் இருக்கும், மனுஷன் வாசிக்க முடியாது. ஆனால் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அதே ஃபோல்டரில் முழு மாடலையும் எழுத்து வடிவில் இன்னொரு கோப்பாக எழுதிவைக்கும். சாப்2000-ல் அதன் பின்னொட்டு டாலர்-2கே, ஈடேப்ஸில் டாலர்-ஈடி. மூலக் கோப்பு கெட்டால் இதை இம்போர்ட் செய்து மாடலைத் திரும்ப எடுக்கலாம். கணக்கின் விடைகள் வராது, மறுபடி ஓட்டிக்கொள்ள வேண்டும். அது பெரிய விஷயமில்லை.

என் புகார் அந்த டாலர் குறி மேல். வேர்டு, எக்செல் எல்லாம் தற்காலிகக் கோப்புக்கு டாலர் குறி போட்டுத்தான் நம்மைப் பழக்கியிருக்கின்றன. அதனால் ஃபோல்டரைச் சுத்தம் செய்கிறவர் முதலில் அழிப்பது இதைத்தான். மெயிலில் அனுப்பும்போது விட்டுவிடுவதும் இதைத்தான். உயிர் காக்கும் மருந்தைச் செய்து, அதற்குக் குப்பைக் கூடையின் பெயரை வைத்த மாதிரி.

போன மாதம் ஒரு தம்பி கூப்பிட்டார். கான்ட்ராக்டர் ஒருவரிடம் வேலை பார்க்கிறவர், பைல்கள் மேல் நிற்கும் ஒரு சின்னத் தளத்தின் மாடல். பென்டிரைவிலேயே வைத்து வேலை செய்து, சேமித்து முடிவதற்குள் யாரோ பிடுங்கிவிட்டார்கள். பென்டிரைவில் இருந்த அத்தனையும் போச்சு.

"அண்ணாச்சி, ஃபைல் ஓப்பன் ஆவ மாட்டேங்கு. ரெக்கவரி சாஃப்ட்வேர் எதாச்சும் வாங்கட்டுமா?"

"வாங்காத. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பழைய ஃபோல்டர் இருக்கா? என்னல்லாம் கெடக்கு?"

"பழைய மாடலும் தொறக்கல அண்ணாச்சி. டாலர் போட்டு ஒண்ணு கெடக்கு. அது டெம்ப் ஃபைலுல்லா?"

"அதத் தொடாத. அப்படியே ஒரு காப்பி எடுத்து வை."

இம்போர்ட் ஆனது. தளம், உத்தரம், பைல் எல்லாம் திரையில் அழகாக நின்றன. தம்பிக்கு ஏக சந்தோஷம். நிலைச்சுமையின் மொத்த எதிர்வினையை வரைவு ரிப்போர்ட் பிடிஎஃப்போடு ஒப்பிட்டார், தசமம் வரை சேர்ந்தது. பெரும்பாலோர் இங்கே நிறுத்திவிடுவார்கள். நான் இன்னொன்று கேட்டேன்: கப்பல் வந்து மோதும் விசைக்குத் தளம் எவ்வளவு நகர்கிறது? சேரவில்லை.

காரணம் மண். பைலைச் சுற்றியுள்ள மண்ணை ஆழத்துக்கு ஆழம் ஸ்பிரிங்காக வைப்போம். புது போர் லாக் வந்த பிறகு அந்த மதிப்புகளை மாற்றியிருக்கிறார்கள். ஆபீஸில் கிடந்த டாலர் கோப்பு அதற்கு முந்தியது. கட்டடத்தின் எடை மண்ணைப் பார்த்து மாறாதே! அதனால் முதல் சோதனை பொய்யாக ஆறுதல் சொன்னது. பழைய ஸ்பிரிங்கோடு போயிருந்தால் பைலின் வளைதிருப்பம் தவறாக வந்திருக்கும், அதை நம்பிக் கம்பியும் போட்டிருப்பார்கள். நல்லவேளையாக ரிப்போர்ட்டின் பின்னிணைப்பில் புது ஸ்பிரிங் அட்டவணை இருந்தது. ஒவ்வொன்றாக டைப் அடித்துச் சேர்த்தோம்.

இதிலிருந்து எனக்குத் தோன்றியது: ஒரு மாடலில் எல்லாமே ஒரே மதிப்புள்ள தகவல் இல்லை. வடிவத்தை வரைபடம் பார்த்துத் திரும்பப் போட்டுவிடலாம். மோதல் விசையை ஐஎஸ் 4651-இன் மூன்றாம் பாகத்தை வைத்துத் திரும்பக் கணக்கிடலாம். தூத்துக்குடி நிலநடுக்க மண்டலம் இரண்டு என்பது எங்கேயும் ஓடிப்போகாது. ஆனால் "இந்தக் களிமண்ணை நான் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒரு பொறியாளர் ஒரு சாயங்காலம் எடுத்த முடிவு, அந்த எண்ணில் மட்டும்தான் இருக்கிறது. எந்த மென்பொருளும் அதைத் தனியாகக் குறித்துவைக்கச் சொல்லவில்லை.

ஆட்டோகேட் இன்னும் சாமர்த்தியம். ரெக்கவர் கட்டளை கொடுத்தால் இத்தனை பிழை கண்டேன், இத்தனை சரிசெய்தேன் என்று பெருமையாகச் சொல்லும். கீழே இத்தனை பொருட்களை அழித்தேன் என்று ஒரு வரி வரும். சரிசெய்வதில் அழிப்பதும் சேர்த்தி. எந்தக் கோடு போனது என்று நாம்தான் தேடணும். ரெக்கவர் கொடுப்பதற்கு முன்னால் பேக் கோப்பையும், தற்காலிக ஃபோல்டரில் கிடக்கும் தானியங்கிச் சேமிப்பையும் பாருங்கள். அவை பழசாக இருக்கலாம், ஆனால் முழுசு. எழுத்து வடிவான டிஎக்ஸ்எஃப் 1982-லிருந்தே இருக்கிறது. அதில் ஒரு பிரதி எடுத்துவைக்கும் ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

கொஞ்சம் விலகிப் போகிறேன். இதே கடலின் முத்துப் பார்களைப் பற்றி ஹெர்ட்மன் இலங்கை அரசுக்கு எழுதிய ஐந்து தொகுதிகள் 1903-லிருந்து 1906-க்குள் வந்தன. அவரோடு வேலை பார்த்த ஜேம்ஸ் ஹார்னெல் நம் பக்கத்துப் பார்களைப் பற்றி 1905-ல் சென்னை அரசுக்கு அறிக்கை கொடுத்தார். முத்துக்குளிப்புக்கு முன்னால் மாதிரிச் சிப்பி எடுத்து, ஆயிரம் சிப்பிக்கு என்ன விலை பெறும் என்று மதிப்பிடுவார்கள். பாரின் ஆழம், சிப்பியின் வயது, இந்த மதிப்பு எல்லாம் காகிதத்தில் இருப்பதால் இன்றைக்கும் வாசித்துச் சண்டை போடலாம். கடைசிக் குளிப்பு 1961-ல் முடிந்துபோச்சு, எண்கள் முடியவில்லை. துறைமுகத்தின் வடக்கு அலைதாங்கி 4098.66 மீட்டர், தெற்கு 3873.37 மீட்டர். 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவித்ததற்கு முந்திய வேலை அது. இன்றைக்கும் அந்த எண்ணைப் பார்த்து யார் வேண்டுமானாலும் வரையலாம், லைசென்ஸ் வேண்டாம்.

இப்போதைய டெண்டர்களில் "திருத்தக்கூடிய வடிவில் மாடலை ஒப்படைக்க வேண்டும்" என்று ஒரு வரி வரும். அதன் கூடவே எழுத்து வடிவ ஏற்றுமதியும், ஸ்பிரிங் அட்டவணையும், ஒரு கிடைமட்ட விசைக்கான நகர்வும் வேண்டும் என்று சேர்த்துக் கேட்டால், கொடுக்க அரை மணி நேரம்கூட ஆகாது. இப்போது இருக்கிற வரிக்கு ஒரே ஒரு இருமக் கோப்பை சிடியில் போட்டுக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போய்விடுகிறார்கள்.